அறுபத்தொன்றில் அறுபது

அவரை எல்லாரும் மிசே என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் கடைப் பலகையிலும் கிடையாது, பில்லிலும் கிடையாது. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர் என்பதால் குடும்பத்துக்கே ஒட்டிக்கொண்ட பிரெஞ்சு ‘ஐயா’ அது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். கிடார், வயலின், தபேலா, கீபோர்டு, பேண்டு செட்டுக்காரர்கள் வயிற்றில் கட்டிக்கொள்கிற பெரிய டிரம் என்று எல்லாமும் இருக்கும். எதிலிருந்தும் சத்தம் மட்டும் வராது. கல்லாவுக்கு மேலே ‘கடைக்குள் வாசிக்கக் கூடாது’ என்று அவரே எழுதி மாட்டிய பலகை தொங்கும்.

பலகை என்றால் சும்மா பேச்சுக்கு மாட்டியது அல்ல. எங்கள் ஊர் லைப்ரரியில்கூட நாலு பேர் கூடி நின்று தேர்தல் பேசுவார்கள். மிசே கடையில் தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவோம்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வீடு இருந்த சாரம் பகுதியிலேயே ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிற வேலை. என் அப்பா, வேலை பார்த்த மில்லை மூடிவிட்டதால், உழவர்கரைப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேனாகப் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் ஒருவர் ஹார்மோனியத்தில் பழக்கிவிட்டதை வைத்துக்கொண்டு, பங்குக் கோவில் பாடல் குழுவில் கீபோர்டு வாசிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. கீபோர்டு மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்றார்கள். முதல் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் மிசே கடைக்குப் போனேன்.

“கொஞ்சம் வாசிச்சுப் பாக்கலாமா மிசே?”

“எதுக்கு?”

“எப்படிக் கேக்குதுன்னு…”

“நல்லா கேக்கும்.”

“சரிதான். நான் கேட்டுப் பாக்க வேணாமா?”

“வாங்கிட்டுப் போய்க் கேளுங்க. நீங்க வாங்குற வரைக்கும் அந்தச் சத்தம் என்னுது. என்னுத நான் யாருக்கும் சும்மா குடுக்குறதில்ல.”

பேரம் பேசத் தயாராகப் போயிருந்தேன். சொன்ன விலையை எண்ணி வைத்தேன். ஒட்டிய அட்டைப்பெட்டியை ஒட்டியபடியே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பிரித்து வாசித்தால், நட்ட நடுவில் ஒரு கட்டை ஊமை. அழுத்தினால் இறங்கும், விட்டால் ஏறும், வாய் மட்டும் திறக்காது. மறுநாள் காலையிலேயே தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

“மொத்தம் அறுபத்தொரு கட்டை. அறுபது வேலை செய்யுதுல்ல?” என்றார் மிசே.

“ஒண்ணு செய்யலயே.”

“பத்தாவதுல நீங்க எத்தினி மார்க்கு?”

 அறுபத்தொன்றுக்கு அறுபது என்ற விகிதத்தில் நான் எந்தப் பாடத்திலும் வாங்கியது கிடையாது.

“அந்தக் கட்டை வராத பாட்டாப் பாத்து எடுங்க” என்று சொல்லிவிட்டு வயலினைத் துடைக்கப் போய்விட்டார். வயலின் கம்பியைச் சத்தம் வராமல் துடைக்க அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பெட்டியில் போட்டிருந்த கம்பெனி நம்பருக்குப் போன் செய்தேன். முக்கால் மணி நேரம் கீபோர்டு இசை போட்டுக் காக்க வைத்தார்கள். அந்த இசையில் எல்லாக் கட்டையும் வேலை செய்தது. அப்புறம் ஒரு பெண் வந்து, வாங்கிய கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

அப்படி ஒன்பது தடவை போனேன். போகிற ஒவ்வொரு தடவையும் மிசே ஒரு புதுக் காரணம் வைத்திருப்பார். ஒரு நாள் கடல் காற்று. ஒரு நாள் சாரத்துக் கரண்ட். ஒரு நாள் என் விரலைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “உங்க வெரலு லேசா இருக்கு, கட்டைக்கு நம்பிக்கை வரல” என்றார். என் கை அழுத்தமான கை. வீட்டில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துகொள்ளும். என் விரலைப் பார்த்து லேசு என்ற ஒரே மனிதர் அவர்தான்.

இத்தனை தடவை போனதில் மற்றவர்கள் படும் பாட்டையும் பார்க்கக் கிடைத்தது. அரியாங்குப்பத்துப் பேண்டு செட்டுக்காரர்கள் மூன்று பேர் பெரிய டிரம் வாங்கினார்கள். பில் போட்ட பிறகு தெருவில் இறக்கி வைத்து ஓர் அடி அடித்துப் பார்த்தார்கள். தகரத்தில் தட்டினது போல இருந்தது. மூவரும் திரும்பி உள்ளே வந்து முறைத்தார்கள்.

“எங்க அடிச்சீங்க?” என்றார் மிசே.

“தோ, வாசல்ல.”

“இந்தத் தெருவுல எந்த டிரம்மும் கேக்காது. தெரு சரியில்ல. உங்க ஊருக்குப் போய் அடிங்க.”

மூன்று பேரும் வெளியே போய்த் தெருவை மேலும் கீழும் பார்த்தார்கள். அதில் ஒருவர், “ஆமா, கொஞ்சம் குறுகலாத்தான் கீது” என்றார். டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னொரு நாள் ஒரு வெள்ளைக்கார மதாம் கிடாரை எடுத்து மடியில் வைத்தார். மிசே உதட்டில் விரலை வைத்தார். அந்த அம்மா அதை ஏதோ தியானப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டார் போல. கிடாரைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, இப்படி ஓர் அனுபவம் எந்தக் கடையிலும் கிடைத்ததில்லை என்று மிசேவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, கிடாரை வாங்கிக்கொண்டு போனார். மிசேவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இதற்குள் கோவிலில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. நாங்கள் வழக்கமாகப் பாடும் பாட்டில் ஒவ்வொரு வரியும் ‘ஆண்டவரே’ என்று முடியும். அந்த ‘ரே’ விழுகிற இடம்தான் என் ஊமைக் கட்டை. ஒத்திகையில் கீபோர்டு அந்த இடத்தில் நின்றால் குழுவும் நிற்கும். முதலில் தடுமாறித்தான் நின்றார்கள். இரண்டு மாதத்தில் அதுவே பாடமாகிவிட்டது. பன்னிரண்டு பேரும் ‘ஆண்டவ’ என்று பாடி, ஒரு கணம் ஒற்றுமையாக மௌனம் காத்து, அடுத்த வரிக்குப் போனார்கள். கேட்கக் கேட்க ஜனங்களும் அப்படியே பாட ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் பாடல் குழு மாஸ்டரைக் கூப்பிட்டு, “ரே எங்கய்யா போச்சு?” என்று கேட்டுவிட்டார்.

மாஸ்டர் என்னிடம் வந்தார்.

“சனிக்கிழமை அஞ்சு மணிக்குக் கல்யாணப் பூசை. அதுக்குள்ள உன் பொட்டி சரியாவணும். இல்லன்னா அரியாங்குப்பத்துலேர்ந்து ஒருத்தர அவரு கீபோர்டோட வரச் சொல்லிட்டேன். அவரு வந்து உக்காந்துட்டாருன்னா அப்புறம் என்னால எழுப்ப முடியாதும்மா.”

எனக்கு அந்த இடம் போனால் எல்லாம் போன மாதிரி. வாரத்தில் ஆறு நாள் ஊராரின் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறேன். யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரம்தான் நான் விரலை வைக்காமல் யாரும் வாயைத் திறக்க முடியாது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்லை.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மிசே கடைக்குள் நுழைந்தேன். இன்று மாற்றித் தராமல் நகர்வதில்லை என்று சொன்னேன். மிசே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் பாதியில் இருக்கும்போது எழுந்துபோய், ஷட்டரை உள்பக்கமாக இழுத்து இறக்கிப் பூட்டினார்.

மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை எங்கள் ஊரில் பாதிக் கடைகள் மூடித்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். ஆனால் ஆளை உள்ளே வைத்து மூடியதை நான் பார்த்ததில்லை.

“மிசே, நான் உள்ள இருக்கேன்!”

“பாத்தேன்.”

“கதவத் தொறங்க.”

“தொறந்தா கடை தொறந்துருக்குன்னு அர்த்தம். மணி ஒண்ணாயிடுச்சு.”

“அப்ப நான் எப்பப் போறது?”

“நாலு மணிக்கு.”

 கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது கடைக்குள்ளிருந்தே மேலே போகிற மாடிப்படியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“இன்னிக்கும் யாரையாவது உள்ள வச்சிப் பூட்டிட்டீங்களா?”

“ஒரு பொண்ணு” என்றார் மிசே.

“மீனு பத்தும். மேல இட்டுகினு வாங்க.”

மேலே போனேன். மிசேவின் மனைவி மேசையில் மூன்றாவது தட்டை வைத்துக்கொண்டிருந்தார். மிசே உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைலியும் பனியனுமாக வந்து உட்கார்ந்தார். என்னை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிற மாதிரி சிரித்தார்.

“உக்காரும்மா. எங்க வூடு?”

“சாரம்” என்றேன். ஒன்பது தடவை சொல்லியிருக்கிறேன்.

“சாரத்துல யாரு வூட்டுப் பொண்ணு? அப்பா என்ன பண்றாரு?”

மில் வேலை போனதைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அப்பாவுக்குக் கால் வலி உண்டா, இரவு முறையா பகல் முறையா, உட்கார நாற்காலி கொடுக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. ரொட்டியைப் பிய்த்து மீன் குழம்பில் தோய்த்து என் தட்டில் வைத்து, “முள்ளு பாத்துச் சாப்புடு” என்றார். ஆள் நல்ல மூடில் இருக்கிறார் என்று நினைத்து மெதுவாக ஆரம்பித்தேன்.

“மிசே, அந்தக் கீபோர்டு…”

“சாப்புடற எடத்துல கடைப் பேச்சு வேணாம்மா. அது நாலு மணிக்கு.”

அந்த அம்மா எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார். “கல்யாணமான புதுசுல எனக்கு ஒரு ஹார்மோனியம் வேணும்னு கேட்டேன். கடை நேரத்துல வந்து கேளுன்னாரு. கடை நேரத்துல எறங்கிப் போய்க் கேட்டேன். வாசிச்சுப் பாக்கக் கூடாதுன்னுட்டாரு.”

“அப்புறம்?”

“நான் வாங்கல. கேட்டுப் பாக்காம யாராவது வாங்குவாங்களா?”

கை கழுவிவிட்டு வந்த மிசே என் பையைப் பார்த்தார். “அதுல என்னம்மா?”

“கீபோர்டு.”

“வாசிப்பியா? எங்க, ஒண்ணு வாசி.”

“இங்க வாசிக்கலாமா?”

“வூட்டுல வாசிக்கிறதுக்கு என்ன? கடைதான் மூடியிருக்குல்ல.”

மேசையைத் துடைத்து அதன் மேல் கீபோர்டை வைத்து, கோவில் பாட்டை வாசித்தேன். முதல் வரி முடிகிற இடத்தில் ஓட்டை விழுந்தது. மிசே காதைக் குடைந்துகொண்டார். இரண்டாவது வரியிலும் விழுந்தது. எழுந்து வந்தார். ஊமைக் கட்டையைத் தானே அழுத்திப் பார்த்தார். விட்டார். மறுபடி அழுத்தினார். அவருடைய காது மடல் சிவந்துவிட்டது.

“எந்த மடையன் உனக்கு இத வித்தான்?”

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

“கீழ இருக்குற கடையிலதான்” என்றேன்.

“திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?”

“ஒம்போது வாட்டி போனேன்.”

“என்ன சொன்னான்?”

“அறுபத்தொண்ணுல அறுபது வேலை செய்யுதுல்லன்னாரு.”

“வெக்கமாயில்ல அவனுக்கு? வாசிக்கிற பொண்ணுகிட்ட இப்படியா பேசுவான்?”

கிண்டல் செய்கிறார் என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். கிண்டல் இல்லை. மனிதர் நிஜமாகவே கொதித்துக்கொண்டிருந்தார். இங்கும் அங்கும் நடந்தார். வாயால் பேசினால் அவன் மசியமாட்டான், எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார். வெள்ளைத் தாள் எடுத்துவந்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எனக்காக அவரே எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தும் காட்டினார்.

‘ஐயா, தங்கள் கடையில் வாசித்துப் பார்க்க அனுமதி இல்லை. ஆகவே வாங்குகிறவர் தங்கள் பேச்சை நம்பியே வாங்குகிறார். வாசிக்க விடாமல் விற்ற பொருளின் சத்தத்துக்கு விற்றவரே பொறுப்பு. ஊமையான கட்டைக்குக் கடல் காற்றையும் வாங்கியவர் விரலையும் குறை சொல்வது தங்கள் வயதுக்கு அழகல்ல.’

கடல் காற்றையும் விரலையும் நான் அவரிடம் சொல்லவே இல்லை.

“குடுக்கும்போது அழுவாத” என்றார். “அழுதா அவனுக்குத் தைரியம் வந்துரும். உக்காரச் சொன்னா உக்காராத. நின்னுகிட்டே குடு.” பிறகு பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். அந்தக் கட்டடத்திலேயே பெரிய சத்தம் அவருடைய குறட்டைதான்.

நாலு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். நானும் இறங்கினேன். ஷட்டரைத் தூக்கினார், விளக்கைப் போட்டார், கல்லாவில் உட்கார்ந்தார்.

“சொல்லுங்க. என்ன வேணும்?”

நின்றுகொண்டே கடிதத்தைக் கொடுத்தேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“யாரு எழுதிக் குடுத்தா இத?”

“ஒரு பெரியவரு.”

“விவரமான ஆளு. பதிலே சொல்ல முடியாதபடி எழுதியிருக்காரு.”

“அப்ப மாத்திக் குடுங்க மிசே.”

“எழுத்துல வந்ததுக்கு எழுத்துலதான் பதில் குடுக்கணும். யோசிச்சு எழுத ஒரு வாரம் ஆவும்.”

அழக்கூடாது என்று அவரே சொல்லியிருந்தார். அழுதுவிட்டேன். “மணி நாலு பத்து மிசே. அஞ்சு மணிக்கு வேற ஆளு வந்து என் எடத்துல உக்காந்துடுவாரு. அப்புறம் நான் எங்க போய் வாசிக்கிறது?”

மிசே கடிகாரத்தைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார்.  எழுந்து விளக்கை அணைத்தார். என்னை வெளியே போகச் சொல்லி, தானும் வந்து, ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து தன் கடைக்குள் தானே திருடனைப் போல நுழைந்து, ஒரு புதுக் கீபோர்டுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து பூட்டினார்.

பக்கத்தில் தையல் சாமான் கடை வைத்திருந்த பாய், கடை நேரத்தில் ஷட்டர் இறங்கியதைக் கேட்டு, சாவு விழுந்துவிட்டது என்று நினைத்துக் கையில் இருந்த ஜிப்போடு ஓடிவந்தார்.

“யாரு மிசே மௌத்து?”

“யாருமில்ல பாய். ஒரு ஆட்டோ புடிங்க” என்றார் மிசே. என்னைப் பார்த்து, “ஏறும்மா. அழுவாத. நான் இருக்கேன்ல” என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அரியாங்குப்பத்துக்காரர் ஒயர் சொருகிக்கொண்டிருந்தார். மிசே அவர் தோளில் கை வைத்து, “இந்தப் பொண்ணு வாசிக்கட்டும். நாம ரெண்டு பேரும் கேப்போம்” என்று பின்வரிசைக்கு அழைத்துப் போய்விட்டார். பெட்டியை அங்கேதான் பிரித்தேன். அறுபத்தொரு கட்டையும் பேசியது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாட்டு ஆரம்பித்ததும் குழு பழக்க தோஷத்தில் ‘ஆண்டவ’ என்று பாடி நிறுத்திக்கொண்டது. மொத்தக் கோவிலும் மௌனமாக இருக்க, கீபோர்டு மட்டும் தனியாக ‘ரே’ என்றது. கல்யாணப் பெண் திரும்பிப் பார்த்தாள். சாமியார் புன்னகை செய்தார்.

கடைசிப் பாட்டில் அதே கட்டை அழுந்தி மாட்டிக்கொண்டது. விரலை எடுத்த பிறகும் ஓயாமல் பாடிக்கொண்டே இருந்தது. ஆசீர்வாதம் கொடுக்கக் கையைத் தூக்கிய சாமியார், தூக்கிய கையோடு காத்திருந்தார். நான் ஒயரைப் பிடுங்கினேன். பின்வரிசையில் மிசே எழுந்து நின்று, “நல்லா கேக்குது” என்று கோவில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

இடம் எனக்கே என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அந்தக் கட்டையை மட்டும் சரி செய்துகொண்டு வரச் சொன்னார். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கீபோர்டோடு கடைக்குப் போனேன். மிசே கல்லாவில் இருந்தார்.

“கட்டை மாட்டிக்குது மிசே.”

“எங்க வாங்குனீங்க?”

“இங்கதான்.”

“பில்லு குடுங்க.”

“பில்லு இல்ல. நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க? சனிக்கிழமை, நாலே கால் மணிக்கு.”

“அப்ப கடை மூடியிருந்துச்சே” என்றார், நிதானமாக. “மூடுன கடையிலேர்ந்து நான் யாருக்கும் எதுவும் விக்கிறதில்லீங்க.”

மூன்று நாளைக்கு முன்பு என்றால் கடையையே இரண்டாக்கியிருப்பேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டே முக்கால். கீபோர்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?”

“ஒண்ணும் வேணாம் மிசே. ஒரு மணி ஆவட்டும்.”

 வயலினைத் துடைக்கிற துணியை எடுத்தார், துடைக்காமலே கீழே வைத்தார். பிறகு மாடிப்படிப் பக்கம் போய் நின்று, குரலைத் தாழ்த்தி, “அந்தப் பொண்ணு வந்துருக்கு, மீனு பத்துமா பாரு” என்றார். கடை திறந்திருக்கும்போது அவர் வீட்டுப் பேச்சு பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.